கோபம் வந்தால் முதலில் எங்கே போவது? புதிதாக ஜெபிக்கத் தொடங்கியவர்களுக்கு

2022 ஜூன் மாதம், இலங்கை முழுக்க எரிபொருளுக்குத் தட்டுப்பாடு. விடிய நாலு மணிக்கே மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு போய் பெற்றோல் வரிசையில் விட்டேன். பதினொரு மணிக்கு, எனக்கு முன்னால் இன்னும் முப்பது பேர் நிற்கும்போது, முடிந்துவிட்டது என்று சங்கிலியை இழுத்துக் கட்டிவிட்டார்கள். உச்சி வெயிலில் திரும்ப உருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மனைவி பிளேன்ரீ கொண்டுவந்து தந்தார். சீனி இல்லை, பனங்கட்டியும் முதல்நாளே முடிந்துவிட்டதாம். நான் கோப்பையைச் சுவரில் எறிந்தேன்.

இளைய மகளுக்கு அப்போது ஆறு வயது. கோப்பை உடைந்த சத்தத்துக்கு அவள் அலறவில்லை. கதவு மூலைக்குப் போய்க் குந்தி, இரண்டு காதையும் உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். எனக்கு அந்த இருப்பு நன்றாகத் தெரியும். தொண்ணூறுகளில் மேலே குண்டு போடும் பொம்பர் விமானம் சுற்றும்போது பங்கர் என்கிற பதுங்குகுழிக்குள் நான் அப்படித்தான் குந்தியிருந்தேன். அவள் போர் முடிந்து பல வருடம் கழித்துப் பிறந்த பிள்ளை. அந்த இருப்பை அவளுக்குப் பழக்கியது நான்.

அதற்குப் பிறகு, கோபத்தை ஆண்டவரிடம் கொண்டுபோவது எப்படி என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பழகினேன். பாதி பைபிளிலிருந்து, பாதி அம்மம்மாவிடமிருந்து, மிச்சம் விழுந்து எழும்பிப் பழகியது. விசுவாசத்துக்குள் புதிதாக வந்தவர்கள் இதைத்தான் அதிகம் கேட்கிறார்கள், அதனால் பழகிய ஒழுங்கிலேயே எழுதுகிறேன்.

தொடங்க முன் ஒன்று. விசுவாசி என்றால் கோபப்படக் கூடாது என்று உங்களுக்கு யாராவது சொல்லியிருப்பார்கள், எனக்கும் சின்ன வயதிலிருந்து அப்படித்தான் சொன்னார்கள், அதன் விளைவு ஞாயிற்றுக்கிழமை சிரித்த முகத்தோடு ஆலயத்துக்குப் போய் வந்து திங்கட்கிழமை வீட்டில் வெடிப்பது. பவுல் எபேசியருக்கு எழுதியது வேறு. நாலாம் அதிகாரம் 26ஆம் வசனம்: "நீங்கள் கோபங்கொண்டாலும் பாவஞ்செய்யாதிருங்கள், சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன்னாக உங்கள் எரிச்சல் தணியக்கடவது." கோபம் வரும் என்பது அவருக்குத் தெரியும். வந்த பிறகு என்ன செய்கிறோம், எவ்வளவு நேரம் வைத்திருக்கிறோம் என்பதைத்தான் அவர் கேட்கிறார். இதை மனதில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

படி ஒன்று: கிணற்றடி

கோபம் தலைக்கேறி நிற்கும்போது ஜெபம் வராது. நெஞ்சு படபடக்கும், காது சூடாகும், வாயில் வருவதெல்லாம் எதிரில் நிற்பவருக்கான பதிலாகத்தான் இருக்கும். அந்த நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டு "ஆண்டவரே, இவருக்குப் புத்தியைக் கொடும்" என்று சத்தமாக ஜெபிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது ஜெபத்தின் பெயரில் இன்னொரு அடி.

முதலில் உடம்பைத் தணியுங்கள். நான் செய்வது இது: "கிணத்தடிக்குப் போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போவேன். சொல்லிவிட்டுப் போவது முக்கியம், ஒரு வார்த்தையும் பேசாமல் எழும்பிப் போனால் வீட்டில் இருப்பவர்களுக்கு அது கதவை அடித்துச் சாத்துவது போலத்தான் தெரியும். கிணற்றில் வாளியை விட்டு மூன்று நாலு வாளி அள்ளுவேன். கப்பியில் கயிறு இழுக்கும்போது கைக்கு ஒரு வேலை கிடைத்துவிடுகிறது, மூச்சும் அந்த இழுவைக்குத் தக்கபடி ஒழுங்குக்கு வந்துவிடுகிறது. முகத்திலும் பிடரியிலும் தண்ணீர் ஊற்றுவேன். கிணறு இல்லாதவர்கள் குழாயடிக்குப் போகலாம், ஒழுங்கை முடிவு மட்டும் நடந்துவிட்டு வரலாம். அங்கே ஒரே ஒரு வரி போதும்: "ஆண்டவரே, எனக்குக் கோபமாக இருக்கிறது." அதற்கு மேல் ஒன்றும் சேர்க்க வேண்டாம்.

சாப்பிட்டீர்களா, நித்திரை கொண்டீர்களா என்றும் பாருங்கள். 1 இராஜாக்கள் 19இல் எலியா ஒரு சூரைச்செடியின் கீழ் இருந்து, போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று கேட்கிறார். கடவுள் அவருக்கு உடனே உபதேசம் பண்ணவில்லை. தூங்க விடுகிறார், தூதன் தட்டி எழுப்பி அடையும் தண்ணீரும் கொடுக்கிறான், திரும்பவும் தூங்க விடுகிறார், திரும்பவும் சாப்பாடு. பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான். 2022இல் மின்சாரம் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை நின்ற நாட்களில் எங்கள் ஒழுங்கை முழுக்கச் சண்டை, நுளம்புக்கடியிலும் புழுக்கத்திலும் யாருக்கும் நித்திரையே இல்லை. அந்தச் சண்டைகளில் பாதிக்கு ஒரு நேரச் சாப்பாடும் நாலு மணி நேர நித்திரையுமே மருந்தாக இருந்திருக்கும்.

படி இரண்டு: இந்தக் கோபம் யார் மேல்?

உடம்பு தணிந்த பிறகு ஒரு கொப்பியை எடுங்கள். பிள்ளைகளின் பழைய கணக்குக் கொப்பியில் மிச்சம் இருக்கிற ஒற்றைகள் போதும். மூன்று விஷயங்களை எழுதுங்கள்: என்ன நடந்தது, அதைச் செய்தது யார், என் கோபம் யார் மேல் விழுந்தது.

அன்றைக்கு நான் எழுதியது இப்படி. பெற்றோல் கிடைக்கவில்லை. நாட்டைக் கடனில் தள்ளியவர்கள் செய்தது. விழுந்தது என் மனைவியின் காலடியில். எழுதி முடித்து அதைப் பார்த்துக்கொண்டு நீண்ட நேரம் இருந்தேன். இரண்டாவது வரியில் இருப்பவர்களுக்கும் மூன்றாவது வரியில் இருப்பவருக்கும் ஒரு தொடர்பும் இல்லை. செல்லிடத்தில் கோபத்தைக் காப்பவன்தான் உண்மையில் காப்பவன் என்று வள்ளுவர் சொன்னது இதைத்தான். பெரிய இடத்தில் நம் கோபம் செல்லாது, அதனால் செல்லுகிற இடத்துக்கு, மனைவி மேல், பிள்ளை மேல், கடையில் வேலை செய்யும் பெடியன் மேல் போய் விழுகிறது. இத்தனை வருடச் சண்டைக்கும் இடப்பெயர்வுக்கும் நாங்கள் யாரிடமும் கேட்க முடியாமல் போன கணக்கு எத்தனை வீடுகளின் குசினிக்குள் தீர்க்கப்பட்டிருக்கிறது என்று நினைத்தால் எனக்கு நெஞ்சு அடைக்கும்.

கடவுளும் இந்த இடத்தில் கேள்விதான் கேட்கிறார். காயீனிடம், "உனக்கு ஏன் எரிச்சல் உண்டாயிற்று?" யோனாவிடம், "நீ எரிச்சலாயிருக்கிறது நல்லதோ?" இரண்டும் பதிலுக்குக் காத்திருக்கிற கேள்விகள். காயீன் பதில் சொல்லாமல் வயலுக்குப் போய்த் தம்பியைக் கொன்றான். யோனா முகத்துக்கு நேரே, ஓம், நான் சாகும்வரை எரிச்சலாயிருப்பது நல்லதுதான் என்று வாக்குவாதம் பண்ணினான், ஆனால் பேச்சை விட்டு ஓடவில்லை. யோனாவைப் போல இருங்கள்.

எழுதும்போது இன்னொன்றும் தட்டுப்படும். சில கோபத்துக்குக் கீழே துக்கம் இருக்கும். எண்ணாகமம் 20இல் மோசே பொறுமை இழந்து கன்மலையைக் கோலால் இரண்டு தரம் அடிக்கிறார், அதனால் கானானுக்குள் போகும் பேறையே இழக்கிறார். எல்லாரும் அவருடைய கோபத்தைத்தான் பிரசங்கம் பண்ணுவார்கள். அதே அதிகாரத்தின் முதல் வசனத்தைப் பாருங்கள், அவருடைய அக்கா மிரியாம் அங்கேதான் இறந்து அடக்கம்பண்ணப்படுகிறார். அடுத்த வசனத்திலேயே தண்ணீர் இல்லை என்று சனம் சண்டைக்கு வந்துவிடுகிறது. அழ நேரம் கிடைக்காத மனிதனின் கை அது. எங்கள் ஊரில் அப்படிப்பட்ட கைகள் நிறைய.

படி மூன்று: எல்லாவற்றையும் சொல்லுங்கள்

இதில்தான் புதியவர்கள் தயங்குகிறார்கள். கடவுளிடம் மரியாதையாகப் பேச வேண்டும், கோபத்தைக் காட்டினால் பாவம் என்று பயம். சங்கீதங்களைத் திறந்து பார்த்தால் அந்தப் பயம் போய்விடும்.

13ஆம் சங்கீதத்தில் தொடங்குங்கள், ஆறே ஆறு வசனம்தான். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று நேரடியாக ஆரம்பிக்கிறது. முதல் இரண்டு வசனமும் முறைப்பாடு. அடுத்த இரண்டில் என்ன வேண்டும் என்று கேட்கிறார். கடைசி இரண்டில்தான் நம்பிக்கை. நாங்கள் செய்யும் பிழை, முதல் நாலையும் தாண்டிக் கடைசி இரண்டுக்குக் குதிப்பது. முறைப்பாட்டு வசனங்களிலேயே ஒரு கிழமை நிற்க வேண்டுமென்றால் நில்லுங்கள், மாதக்கணக்கில் நின்றாலும் பரவாயில்லை. தெரிந்தவர் செய்த துரோகம் என்றால் 55ஐ வாசியுங்கள், பகைவன் செய்திருந்தால் பொறுத்திருப்பேன், கூட இருந்தவனே செய்தான் என்று அதில் வரும். ஒன்றும் விடியாது என்று தோன்றும் நாளில் 88, அது ஆறுதல் என்று ஒரு வரிகூட இல்லாமல் இருளில் முடிகிறது. அதையும் பைபிளில் வைத்திருக்கிறார்கள், பாருங்கள்.

137ஆம் சங்கீதத்தைச் சொல்லாமல் விட முடியாது. ஊரை விட்டுத் துரத்தப்பட்டவர்கள் பாபிலோன் ஆறுகள் அருகே உட்கார்ந்து அழுத பாட்டு. அழகாகத் தொடங்கி, எதிரியின் குழந்தைகளைக் கல்லில் மோதியடிக்கிறவன் பாக்கியவான் என்று முடிகிறது. நிறைய ஆலயங்களில் அந்தக் கடைசி வசனத்தை வாசிக்க மாட்டார்கள். எனக்கு அது தேவைப்பட்டது. மனிதனுக்குள் இப்படியும் வரும், அதைக் கடவுளின் முன்னால் கொட்டலாம், கொட்டிய பிறகு கையில் கல் இல்லாமல் வீட்டுக்குப் போகலாம் என்று அதிலிருந்துதான் கற்றுக்கொண்டேன்.

1995 ஒக்ரோபர் 30 இரவு யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதியே போருக்குப் பயந்து எழும்பி நடந்ததே, அந்தக் கூட்டத்தில் எனக்குப் பதினொரு வயது. நாவற்குழிப் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு அடி எடுத்து வைக்க அரை மணி நேரம், தலைக்கு மேல் மழை. அம்மம்மா வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த நாள் சாவகச்சேரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் இடம் கிடைத்ததும் ஈரச் சேலையோடு குந்தினார், மேலே பார்த்து, "உமக்குக் கண் தெரியேல்லையோ?" என்று கேட்டார். எங்களுக்கெல்லாம் தூக்கிவாரிப் போட்டது. அவர் கேட்டுவிட்டு ஒரு நிமிடம் அப்படியே இருந்தார். பிறகு எங்களைக் கூப்பிட்டு, கண்ணை மூடுங்கோ, ஜெபிப்பம் என்றார். அந்தக் கேள்வியும் ஜெபம்தான் என்று எனக்கு விளங்க இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆயிற்று.

எங்களுக்கு இது புதிதும் இல்லை. செத்த வீட்டில் ஒப்பாரி வைக்கிற எங்கள் பெண்கள் யமனையும் தெய்வத்தையும் பெயர் சொல்லித் திட்டுவார்கள். கரையோரக் கத்தோலிக்கப் பங்குகளில் தவக்காலத்தில் இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பசாம் பாடும்போது கிழவிகளின் குரல் உடைவதைக் கேட்டிருக்கிறீர்களா? அந்த மொழியில் ஜெபியுங்கள். பிரசங்கத் தமிழ் வேண்டாம், வீட்டில் கதைக்கிற தமிழே போதும். யாரும் இல்லாத நேரம், வாய்விட்டு. நான் பின்வளவில் வடலிக்குப் பக்கத்தில் நிற்பேன், பகலில் என்றால் ஆலயக் கதவு திறந்திருக்கும் மத்தியான நேரம்.

படி நாலு: அணைக்கக் கூடாத கோபம்

இதைக் கவனமாகச் சொல்ல வேண்டும். எல்லாக் கோபமும் தணிய வேண்டியது இல்லை. மாற்கு 3இல் ஓய்வுநாளில் சூம்பின கையுள்ள மனிதனைக் குணமாக்கலாமா என்ற கேள்விக்குச் சுற்றி நின்றவர்கள் வாயே திறக்காமல் நிற்கிறார்கள், இயேசு அவர்களைக் கோபத்துடனே பார்க்கிறார், அவர்களுடைய இருதய கடினத்தினிமித்தம் விசனப்படுகிறார். பிறகு கையை நீட்டு என்கிறார். அவருடைய கோபம் போய்ச் சேர்ந்த இடம் ஒருவனுடைய கை சுகமானது.

1993 நவம்பர் 13 குருநகர் புனித யாகப்பர் ஆலயம் குண்டுவீச்சுக்கு இலக்கானது. 1995 ஜூலை 9 நவாலி புனித பேதுருவானவர் ஆலயத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்கள் மேல் விமானப்படை குண்டு போட்டதில் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். அங்கே பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம் போய், மன்னித்து மறந்துவிடுங்கள் என்று சொல்லும் உரிமை எனக்கு இல்லை, உங்களுக்கும் இல்லை. காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டத்தை நினைத்துப் பாருங்கள், படங்களைக் கையில் பிடித்துக்கொண்டு வெயிலிலும் மழையிலும் வருடக்கணக்காக இருந்தார்கள். லூக்கா 18இல் நியாயாதிபதியின் வாசலுக்குத் திரும்பத் திரும்பப் போன விதவையை இயேசு சோர்ந்துபோகாமல் ஜெபம் பண்ணுவதற்கு உதாரணமாகக் காட்டுகிறார். அவளை அடங்கி வீட்டில் இரு என்று அவர் சொல்லவில்லை.

பழிவாங்குதல் எனக்குரியது என்று ரோமர் 12இல் வருவதைச் சிலர் நியாயம் கேட்கக் கூடாது என்று விளங்கிக்கொள்கிறார்கள். விட்டுக்கொடுக்கச் சொன்னது பழியை மட்டும்தான். முறைப்பாடு எழுதுங்கள், சாட்சி சொல்லுங்கள், பெயர்ப் பட்டியலைப் பாதுகாத்து வையுங்கள், நினைவு நாளில் ஆலயத்துக்குப் போய் மெழுகுதிரி ஏற்றுங்கள். இழுவைப் படகு வலையை அறுத்துக்கொண்டு போய்விட்டது என்றால், கடலடி இழுவை மடி 2017இலிருந்து இலங்கைச் சட்டத்தில் தடை, அறுந்த வலையைப் படம் எடுத்து, நாளும் நேரமும் எழுதி, மீனவர் சங்கத்துக்கூடாகக் கொண்டுபோங்கள். கோபத்துக்கு இப்படி ஒரு வேலை இருந்தால் அது மனைவி பிள்ளைகளைத் தேடி வராது.

படி ஐந்து: நேரில் போங்கள்

தெரிந்த ஆள் மேல் உள்ள கோபத்துக்கு மத்தேயு 18:15 தான் வழி: நீயும் அவனும் தனித்திருக்கையில் போய்ச் சொல். எங்கள் ஊரில் நடப்பது தலைகீழ். முதலில் அயலுக்குத் தெரியும், பிறகு ரொறன்ரோவில் இருக்கும் மச்சானுக்கு வாட்ஸ்அப்பில் வொய்ஸ் மெசேஜ் போகும், அவர் அதை இன்னொரு குறூப்பில் போடுவார், சம்பந்தப்பட்ட ஆளுக்குக் கடைசியாகத்தான் வந்து சேரும். வொய்ஸ் மெசேஜில் கோபத்தைப் பேசவே பேசாதீர்கள்.

எங்கள் வளவுக்கும் பெரியப்பா மகனின் வளவுக்கும் நடுவில் கிளுவைக் கதியால் வேலி. இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது அது எங்கள் பக்கம் ஒரு முழம் தள்ளி நின்றது. ஒரு முழத்துக்காகப் பதினாறு வருடம் முகம் பார்க்கவில்லை. மூன்றாவது படியில் ஒரு வருடத்துக்கு மேல் நின்றுவிட்டு ஒரு காலையில் போனேன். பின்னேரம் போகாதீர்கள், பின்னேரத்தில் ஆட்கள் களைத்திருப்பார்கள், சிலர் குடித்தும் இருப்பார்கள். அவர் வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டு நின்றார். "அண்ணை, வேலி விஷயம் கதைக்கவேணும், சண்டைக்கு வரேல்லை" என்றேன். அவர் மண்வெட்டியை வரம்பில் குத்திவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "நாங்கள் வன்னியில நிக்கேக்க எங்கட இறைப்பு மெசினைக் கொண்டுபோனது ஆர்?"

எனக்கு அது தெரியாது. அம்மாவிடம் வந்து கேட்டேன். அவர் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, 96இல் அரிசிக்கு விற்றது என்றார். அப்பா செத்துப் பத்து வருடம். அண்ணைக்கு இரண்டு தவணையாக மெசின் காசைக் கொடுத்தேன், உறுதியை எடுத்து நில அளவையாளரைக் கூப்பிட்டு அளந்தோம், வேலி இப்போது உறுதியில் உள்ள இடத்தில் நிற்கிறது. எங்களுக்குள் பழைய பேச்சு இன்னும் வரவில்லை. போன வருடம் தன் மகளின் கலியாணத்துக்குச் சொல்லியிருந்தார், போய் அரை மணி நேரம் இருந்துவிட்டு வந்தேன். இவ்வளவுதான் எனக்குக் கிடைத்தது, இதற்கே நன்றி சொல்கிறேன்.

தனியே போய்ச் சரிவராவிட்டால், ஓரிருவரைக் கூட்டிக்கொண்டு போ என்கிறது அடுத்த வசனம். உங்கள் போதகரோ பங்குத்தந்தையோ வரலாம். அப்புறம் மத்தியஸ்த சபை இருக்கிறது, 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நாடு முழுக்க இயங்குகிறது, வழக்குக்குப் போக முன் அங்கே போய்ப் பாருங்கள்.

இந்தப் படி பொருந்தாத ஒரு இடம் உண்டு. வீட்டில் அடி வாங்குகிறவர் நீங்கள் என்றால் அடிப்பவரிடம் தனியே போய்ப் பேசச் சொல்லி இயேசு கேட்கவில்லை. வெளியே வாருங்கள், 1938 பெண்களுக்கான உதவி எண், பிள்ளைகளுக்கு 1929. பொறுத்துப்போ என்று ஆலயத்தில் யாராவது சொன்னால் அந்த ஆலோசனையை எடுக்காதீர்கள்.

கோபத்தோடு கெட்ட கனவு வருகிறது, சின்னச் சத்தத்துக்கும் உடம்பு தூக்கிப்போடுகிறது, குடிக்காமல் இருக்க முடியவில்லை என்றால் வைத்தியரிடமும் போக வேண்டும். தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் யாழ் போதனா வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது, 1926க்குத் தொலைபேசியில் பேசலாம். இதில் விசுவாசக் குறைவு ஒன்றும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன் மிஷனரியாக வந்தவர்தானே, எங்கள் மண்ணில் ஜெபமும் மருந்தும் ஒரே வளவில்தான் வளர்ந்தன.

பொழுது பட முன்

கடைசிப் படி சின்னது, எனக்கு எல்லாவற்றிலும் கஷ்டமானது இதுதான். அன்றைக்கு யார் மேல் உங்கள் கோபம் தவறாக விழுந்ததோ அவரிடம் பொழுது பட முன் போய், நான் செய்தது பிழை என்று சொல்லுங்கள். "ஆனால் நீயும்" என்று அதற்குப் பின்னால் ஒன்றும் சேர்க்காதீர்கள். பிள்ளைகளிடமும் சொல்ல வேண்டும். அப்பா பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்கும் வழக்கம் எங்கள் வீடுகளில் இல்லை, எனக்கு என் அப்பா ஒருநாளும் கேட்டதில்லை.

அன்றைக்கு மனைவியிடம் முதலில் கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் கோப்பைத் துண்டுகளைக் கடதாசியில் சுற்றிக்கொண்டிருந்தார். பிறகு கதவு மூலைக்குப் போய் மகளுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தேன். அப்பா செய்தது பிழை, உன்னில் கோபமில்லை, அம்மாவிலும் இல்லை என்றேன். அவள் காதிலிருந்து ஒரு கையை மட்டும் எடுத்தாள்.

"நாளைக்கும் பெற்றோல் இல்லாட்டி?"

"கிணத்தடிக்குப் போவன்" என்றேன்.

கொஞ்சம் யோசித்துவிட்டு மற்றக் கையையும் எடுத்தாள்.